காற்றில் 20.9 வந்தால் மட்டும் போதாது: கையடக்க ஆக்சிஜன் அனலைசரைப் பராமரிப்பதும் கேலிபரேட் செய்வதும்

வாயுவில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அனலைசரை ஆன் செய்கிறோம், அறைக்காற்றில் கொஞ்ச நேரம் பிடிக்கிறோம், காற்றில் இருக்க வேண்டிய 20.9 சதவீதம் வருகிறது, சரி என்று வேலையைத் தொடங்கிவிடுகிறோம். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் ஒன்றைச் சோதித்தபோது 84 சதவீதம்தான் காட்டியது. உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சியோலைட் ஈரம் பட்டுக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, இயந்திரத்தைப் பிரிக்க ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுத்துவிட்டேன். அதற்கு முன் எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்று அதே அனலைசரை ஆக்சிஜன் சிலிண்டரில் வைத்தால் 88 காட்டுகிறது. 99க்கு மேல் இருக்க வேண்டிய சிலிண்டர் அது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை, என் கையில் இருந்த சென்சார்தான் போயிருந்தது. காற்றில் வைத்தால் அப்போதும் அழகாக 20.9 காட்டிக்கொண்டுதான் இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பராமரிப்பு வேலையில் பாதி தானாகப் புரிந்துவிடும். கையடக்க அனலைசர்களில் பெரும்பாலும் இருப்பது கால்வானிக் செல். முகப்பில் மெல்லிய டெஃப்லான் சவ்வு, அதற்குப் பின்னால் தங்கம் போன்ற ஒரு உலோகத்தில் கேத்தோடு, உள்ளே ஈயத்தில் ஆனோடு, இரண்டுக்கும் நடுவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். சவ்வு வழியாக உள்ளே நுழையும் ஆக்சிஜன் வினைபுரியப் புரிய ஈயம் ஈய ஆக்சைடாக மாறுகிறது, அப்போது ஓடும் மின்னோட்டம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போய்ச் சில மில்லிவோல்ட்டாக வெளியே வருகிறது. அந்த மில்லிவோல்ட்டைத்தான் திரையில் சதவீதமாக மாற்றிக் காட்டுகிறார்கள். ஆக, சென்சார் என்பது ஆக்சிஜனில் ஓடும் ஒரு சின்ன பேட்டரி. நீங்கள் கருவியை ஆஃப் செய்து பெட்டியில் வைத்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும், பயன்படுத்தவே இல்லை என்றாலும் வயதாகும்.

ஈயம் தீர ஆரம்பித்ததும் சென்சார் ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. காற்றில் இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜனை அதனால் சமாளிக்க முடியும். நிறைய ஆக்சிஜன் வந்தால்தான் திணறும். சமதரையில் நன்றாக நடக்கும் பெரியவருக்குப் படியேறும்போது மூச்சு வாங்குவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணாகவே பார்ப்போம். காற்றில் 10.5 மில்லிவோல்ட் தரும் நல்ல சென்சார் முழு ஆக்சிஜனில் 50 மில்லிவோல்ட்டை ஒட்டித் தர வேண்டும். 10.5ஐ 20.9ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 50.2 வரும், கணக்கு அவ்வளவுதான். களைத்துப்போன சென்சார் காற்றில் அதே 10.5 தரும், ஆக்சிஜனில் 44க்கு மேல் ஏறாது. 44 என்றால் திரையில் 88.

கான்சன்ட்ரேட்டர் விஷயத்தில் இந்தத் தவறால் ஒரு நல்ல இயந்திரத்தைக் கெட்டது என்று ஒதுக்குவோம், பணமும் நேரமும் போகும். ஸ்கூபா சிலிண்டரில் நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று, நிரப்புகிறவர்களுக்கு ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. சென்சார் குறைத்துக் காட்டுகிறது என்றால் சிலிண்டரில் உண்மையில் இருப்பது அதைவிட அதிகம். 32 என்று நம்பி 33 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறார், உள்ளே 36 இருக்கிறது என்றால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 1.55 பார் ஆகிவிடும். பரவலாக வைத்துக்கொள்ளும் எல்லை 1.4. நீருக்கடியில் ஆக்சிஜன் நச்சால் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்தச் சின்னப் பெட்டியை இவ்வளவு கறாராகப் பார்க்கச் சொல்கிறேன்.

கேலிபரேஷனுக்கு முன்

கேலிபரேஷன் என்பது, தெரிந்த வாயுவில் வைத்துக் கருவியின் எண்ணைச் சரியாக அமைப்பது. முதலில் கருவியையும் சென்சாரையும் நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்திலேயே அரை மணி நேரம் சும்மா வையுங்கள். சவ்வு வழியாக ஆக்சிஜன் நுழையும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது, ஒரு டிகிரி ஏறினால் செல்லின் வெளியீடு ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் ஏறும். இதை ஈடுகட்ட உள்ளே வெப்பத்தை உணரும் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. ஆனால் செல்லும் தெர்மிஸ்டரும் ஒரே வேகத்தில் சூடாவதோ குளிர்வதோ இல்லை. ஏசி அறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டுவந்த உடனே அளந்தால் எண் மெதுவாக நகர்ந்துகொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். அவசரப்பட்டு அந்த நேரத்தில் கேலிபரேட் செய்தால், அடுத்த அரை மணி நேரத்தில் எல்லா அளவும் தப்பாகிவிடும்.

அதே ஏசி அறை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த சென்சார் ஈரக்காற்றுக்கு வந்ததும் சவ்வின் மேல் பனித்துளி மாதிரி நீர் கோத்துக்கொள்ளும். வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், வெள்ளை வட்டத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவு துளிகள் மினுங்கும். அந்த ஒரு துளி மூடியிருக்கும் இடத்தில் ஆக்சிஜன் நுழையாது, அளவு குறைந்துவிடும். பஞ்சிழை உதிராத காகிதத்தின் மூலையால் துளியைத் தொட்டால் போதும், காகிதமே உறிஞ்சிக்கொள்ளும். தேய்க்காதீர்கள். காட்டன் பட்ஸ், நகம், டூத்பிக் எதையும் சவ்வின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மெல்லிய சவ்வு அது, ஒரு கீறல் விழுந்தால் உள்ளே இருக்கும் காரம் வெளியே வந்துவிடும். ஹேர் டிரையர் வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம், மூச்சுக்காற்றிலும் ஈரம்தான் இருக்கிறது. முகப்பைக் கீழ்நோக்கி வைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் மீதி ஈரம் தானாகக் காய்ந்துவிடும்.

அப்புறம் பேட்டரி. பேட்டரி குறைந்த கருவியைக் கேலிபரேட் செய்வதில் அர்த்தமே இல்லை, முதலில் அதை மாற்றிவிடுங்கள். சென்சாருக்குப் போகும் ஒயரின் ஜாக்கைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு மூன்று முறை சொருகி எடுங்கள். ஒயரை மெதுவாக அசைக்கும்போது எண் துள்ளினால் கோளாறு செல்லில் இல்லை, தொடர்பில்தான் இருக்கிறது. பச்சை படிந்த ஜாக் ஒன்றுக்காக நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காற்றில் கேலிபரேஷன்

நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். நாலு பேர் அடைந்து உட்கார்ந்திருக்கும் சின்ன அறையில் வேண்டாம், பக்கத்தில் ஆக்சிஜன் கசியும் இடத்தில் வேண்டவே வேண்டாம். கருவியை முகத்துக்கு நேராகப் பிடித்து அதன் மேல் மூச்சு விடாதீர்கள், நாம் வெளியே விடும் மூச்சில் ஆக்சிஜன் 16 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். எண் அசையாமல் நிற்கும்வரை ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து, அதன்பிறகு கேலிபரேட் பட்டனை அழுத்துங்கள், அல்லது குமிழைத் திருப்பி 20.9க்குக் கொண்டுவாருங்கள்.

ஆனால் 20.9 என்பது உலர்ந்த காற்றுக்கான எண். ஈரக்காற்றில் நீராவி கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆக்சிஜனின் பங்கு குறைந்துவிடும். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் உண்மையில் இருப்பது 20.2 அல்லது 20.3தான். அதை நீங்கள் 20.9 என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தால், பிறகு முழு ஆக்சிஜனில் வைக்கும்போது 103 என்று காட்டும், 32 இருக்கும் இடத்தில் 33 காட்டும். இதில் எனக்குப் பெரிய கவலை வேறு. இந்தக் கூடுதல் மூன்று சதவீதம், களைத்துப்போன சென்சாரின் குறையை அப்படியே மறைத்துவிடும். 97 காட்ட வேண்டிய கிழட்டுச் சென்சார் 100 காட்டும், நாமும் எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம். எனவே கருவியோடு வந்த கையேட்டில் வெப்பம், ஈரப்பதம் வாரியாக ஒரு அட்டவணை இருந்தால் அதைப் பார்த்து எண்ணை வையுங்கள். இன்னும் நல்ல வழி, ஸ்கூபா காற்று சிலிண்டர் மாதிரி உலர்ந்த அழுத்தக் காற்று கிடைத்தால் அதை மெதுவாக விட்டு அதில் 20.9 வைப்பது. வெளிக்காற்றின் ஈரத்தைப் பற்றி அப்போது கவலையே இல்லை.

அளக்கும்போது என்ன ஃப்ளோ (வாயு ஓடும் வேகம்) வைப்பீர்களோ அதே ஃப்ளோவில் கேலிபரேட் செய்யுங்கள். நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் பெரும்பாலான கருவிகளுக்குப் போதும், உங்கள் கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். வேகமாக விட்டால் சென்சார் முகப்பில் அழுத்தம் கூடி எண் ஏறிவிடும், ஏனென்றால் இந்த வகைச் செல் உண்மையில் உணர்வது சதவீதத்தை இல்லை, ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை. வாயு வெளியேறும் குழாய் மடங்காமல், அடைபடாமல், திறந்திருக்க வேண்டும்.

அழுத்தம்தான் கணக்கு என்பதால், கேலிபரேட் செய்த இடம் ஒன்று, அளக்கும் இடம் வேறு என்று இருக்கக் கூடாது. கடல்மட்டத்தில் 20.9 வைத்துவிட்டு 1500 மீட்டர் உயரமுள்ள மலைக்குக் கொண்டுபோனால் அதே காற்றை 17.4 என்று காட்டும். வானிலை மாறினாலே ஓரளவு வித்தியாசம் வரும், காற்றழுத்தம் 1013லிருந்து 990 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கினால் நேற்றைய 32 இன்று 31.3. அழுத்தத்தைத் தானே ஈடுகட்டும் கருவிகளும் இருக்கின்றன, உங்களுடையது அப்படியா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு இடத்திலும் காற்றில் ஒருமுறை கேலிபரேட் செய்வதுதான் என் பழக்கம். இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது புள்ளி

பலரும் விட்டுவிடும் படி இதுதான், எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். மாதம் ஒருமுறையாவது, முக்கியமான வேலைக்கு முன் கட்டாயமாக, தெரிந்த ஆக்சிஜனில் வைத்துப் பாருங்கள். சிலிண்டர் ஆக்சிஜன்தான் வேண்டும். கான்சன்ட்ரேட்டரிலிருந்து வருவதை 100 என்று வைத்துக்கொள்ள முடியாது, அது நைட்ரஜனைப் பிரித்தாலும் ஆர்கான் கூடவே வந்துவிடுவதால் 95, 96க்கு மேல் போகவே போகாது.

காற்றில் கேலிபரேட் செய்த பிறகு எதையும் திருப்பாமல் ஆக்சிஜனை விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து எண்ணைப் படியுங்கள். 99ஐ ஒட்டி வந்தால் மகிழ்ச்சி. 97க்குக் கீழே என்றால் ஃப்ளோ, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் சரிபார்த்து மறுபடி செய்வேன். 95க்குக் கீழே என்றால் அந்தச் சென்சாரை மாற்றிவிடுவேன். இது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை, உங்கள் கருவியின் கையேடு இதைவிட இறுக்கமாகச் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். 100 வரவில்லையே என்று குமிழைத் திருப்பி 100ஆக ஆக்குவது மட்டும் கூடாது. முன்னால் சொன்ன 88 சென்சாரை அப்படி இழுத்து வைத்தால் காற்றில் கிட்டத்தட்ட 24 காட்டும். இரண்டு முனையும் ஒரே அமைப்பில் ஒத்துப்போகவில்லை என்றால் திருப்புவதால் எதுவும் சரியாகாது.

உங்கள் கருவி மில்லிவோல்ட்டைக் காட்டும் என்றால், அல்லது மல்டிமீட்டர் வைத்து ஜாக்கில் அளக்க முடியும் என்றால், காற்றில் எவ்வளவு, ஆக்சிஜனில் எவ்வளவு என்று இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள். திரையில் வரும் சதவீதத்தை ஒவ்வொரு முறையும் நாமே 20.9க்கு இழுத்துவிடுகிறோம், அதனால் அதில் சென்சாரின் வயது தெரியாது, மில்லிவோல்ட்டில் தெரியும். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் இயல்பு. திடீரென்று இறங்கினாலோ, காரணமில்லாமல் ஏறினாலோ அந்தச் சென்சாரை நம்பாதீர்கள். சென்சாரின் லேபிளில் காற்றில் இத்தனை முதல் இத்தனை மில்லிவோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள், அதற்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

ஆக்சிஜனைக் கையாளும்போது

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரியும் எதையும் வெறியோடு எரிய வைக்கும், சாதாரணமாக எரியாது என்று நாம் நினைக்கும் பொருளைக்கூட. சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டர், குழாய், அனலைசரின் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம், இவற்றில் எண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவும் படக் கூடாது. துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கவே கூடாது. கையில் கிரீம் பூசியிருந்தால் கழுவிவிட்டு வாருங்கள், சானிடைசர் போட்டிருந்தால் முழுக்கக் காயட்டும். ஓ-ரிங்குக்கு உயவு வேண்டும் என்றால் ஆக்சிஜனுக்கென்றே விற்கும் ஃப்ளோரின் வகைக் கிரீஸ் மட்டும், அதுவும் துளிதான். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் உயர் அழுத்த வாயு ரெகுலேட்டருக்குள் பாய்ந்து அமுங்கும்போது சூடாகும், அங்கே அழுக்கோ எண்ணெயோ இருந்தால் பற்றிக்கொள்ள அதுவே போதும். ரெகுலேட்டருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். முடித்ததும் கொஞ்ச நேரம் காற்றோட்டத்தில் இருந்துவிட்டு வாருங்கள், ஆக்சிஜன் துணியில் தங்கும், அந்தத் துணியோடு அடுப்புப் பக்கமோ சிகரெட் பக்கமோ போகக் கூடாது.

சில கருவிகளுக்குப் பூஜ்யம் பார்க்க நைட்ரஜன் விடச் சொல்வார்கள். நைட்ரஜனுக்கு நிறமும் வாசனையும் இல்லை, மூடிய அறையில் நிறைந்தால் மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் ஆள் மயங்கி விழுவார். திறந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள், வேலை முடிந்ததும் வால்வை மூடிவிட்டோமா என்று மறுபடி பாருங்கள்.

தொட்டிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் இறங்குகிறவர்களுக்கு

மூடிய இடங்களில் இறங்குமுன் பயன்படுத்தும் கேஸ் டிடெக்டரிலும் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, வழக்கமாக 19.5க்குக் கீழும் 23.5க்கு மேலும் அலாரம் அடிக்கும். அதில் பலரும் செய்யும் தப்பு, குழியின் வாயிலேயே நின்று கருவியை ஆன் செய்து காற்றுக் கேலிபரேஷன் கொடுப்பது. அங்கே காற்று ஏற்கெனவே கெட்டு 20 சதவீதமாக இருந்தால் கருவி அதையே 20.9 என்று மனதில் வைத்துக்கொள்ளும், அதன் பிறகு உள்ளே எடுக்கும் ஒவ்வொரு அளவும் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். நன்றாக விலகிப் போய், சுத்தமான வெளிக்காற்றில் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் இறங்குமுன் 18 சதவீத ஆக்சிஜன் உள்ள சோதனை வாயுவைக் காட்டி, எண் இறங்குகிறதா, அலாரம் கத்துகிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: ஆக்சிஜன் ஒரு சதவீதம் குறைந்திருக்கிறது என்றால், வேறு ஏதோ வாயு கிட்டத்தட்ட 5 சதவீத இடத்தைப் பிடித்திருக்கலாம். 19.9தானே, அலாரம் அடிக்கவில்லையே என்று இறங்கிவிடாதீர்கள், அந்த 5 சதவீதம் என்ன என்று முதலில் கேளுங்கள்.

சென்சாரை வைப்பதும் மாற்றுவதும்

வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், சவ்வும் கரைசலும் சீக்கிரம் காயும். ஃப்ரீசரில் வைத்தால் ஆயுள் நீளும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, கரைசல் உறைந்தால் செல்லே விரிந்து வெடிக்கலாம். கரியமில வாயு அதிகமுள்ள இடத்தில் நீண்ட நேரம் விட்டாலும் உள்ளே இருக்கும் காரம் கார்பனேட்டாக மாறி ஆயுள் குறையும். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் கருவியின் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கீழே விழுந்த சென்சாரை மறுநாள் இரண்டு புள்ளியிலும் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

புதுச் சென்சார் வாங்கும்போது தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். கவரில் இருக்கும்போதும் அதற்கு வயதாகிறது, மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கி அடுக்குவதில் பயனில்லை. கவரைப் பிரித்ததும் காற்றில் ஒரு நாள் விட்டு, மில்லிவோல்ட் நிலையான பிறகு கேலிபரேட் செய்யுங்கள். பிரித்த தேதியை அழியாத மார்க்கரால் அதன் மேலேயே எழுதுங்கள். பெரும்பாலான செல்கள் ஒன்று முதல் மூன்று வருடம் வரும், அடிக்கடி முழு ஆக்சிஜனில் வைத்தால் இன்னும் சீக்கிரம் தீரும்.

கான்சன்ட்ரேட்டருக்கென்று விற்கும் சில கையடக்கக் கருவிகளில் செல்லே இருக்காது, ஒலியின் வேகத்தை வைத்து அளக்கும் அல்ட்ராசானிக் வகை அது. தீரும் ஈயம் எதுவும் இல்லை என்பது வசதிதான். ஆனால் உள்ளே வருவது ஆக்சிஜனும் நைட்ரஜனும் கொஞ்சம் ஆர்கானும்தான் என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது, வேறு வாயுவோ ஈரமோ கலந்தால் தப்பாகச் சொல்லும். குழிக்கும் டைவிங் கலவைக்கும் அதை எடுத்துப் போகாதீர்கள்.

பழைய செல்லைக் கழற்றும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். இணைப்பு ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ, விரலில் சோப்பு மாதிரி வழுக்கினாலோ கரைசல் கசிகிறது. தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து உடனே மருத்துவரிடம் போங்கள். கசிந்த செல்லை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். ஈயம் இருப்பதால் வீட்டுக் குப்பையில் போடாமல், பழைய பேட்டரியும் மின்னணுக் கழிவும் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். புதுச் செல்லை மாட்டுமுன் அது உட்காரும் குழியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், பழைய காரம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புது ஜாக்கை அரித்துவிடும்.